புது பேட்டரி போட்டும் சுற்றாத பழைய தோட்ட டிராக்டர்: ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த தோட்ட டிராக்டர், அதில் கோலர் கே241 ஒற்றை சிலிண்டர் எஞ்சின், பக்கவாட்டில் பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் (எஞ்சினைக் கிளப்பவும், ஓடும்போது பேட்டரியை ஏற்றவும் ஒரே கருவி; இனி 'யூனிட்'). பேட்டரி புதிது. சாவியைத் திருப்பினால் ஒன்றிரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றுகிறது, பிறகு 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ஒருவழியாக ஸ்டார்ட் செய்து ஒரு மணி நேரம் புல் வெட்டினாலும் அடுத்த வாரம் பேட்டரி காலி. யாரோ ஒருவர், "அந்தப் பழைய யூனிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு கார் ஆல்டர்னேட்டர் மாட்டு" என்று சொல்லியிருக்கிறார். மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்குள் இருக்கும் நிஜக் கேள்வி வேறு: கெட்டது அந்த யூனிட்தானா, அல்லது அதற்குப் போகும் வழியில் ஏதாவது கெட்டிருக்கிறதா? இதற்கு விடை தெரியாமல் எதை மாற்றினாலும் அது சூதாட்டம்தான்.

உங்கள் விவரத்திலிருந்து இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, அறிகுறி ஒன்றல்ல, இரண்டு. சோம்பலாகச் சுற்றுவது ஒரு அறிகுறி. ஒரு மணி நேரம் ஓடியும் பேட்டரி ஏறாமல் இருப்பது அல்லது ஏறியது வடிந்துபோவது இன்னொன்று. இரண்டாவது, சார்ஜ் ஆகியிருந்தால் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். கணக்கு எளிது: ஸ்டார்ட் செய்ய 10 வினாடிக்கு 100 ஆம்பியர் இழுத்தாலும் செலவு 0.3 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. 5 ஆம்பியர் திரும்ப ஏறினால் அது நான்கைந்து நிமிட வேலை. ஆகவே ஒன்று சார்ஜே ஆகவில்லை, அல்லது நிறுத்திய பிறகு எங்கோ கசிகிறது, அல்லது பேட்டரியே சார்ஜைத் தாங்கவில்லை. மற்றதெல்லாம் மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை ஊகம்தான். ஆர்மேச்சர் (யூனிட்டுக்குள் சுழலும் கம்பிச்சுருள் பாகம்) எரிந்திருக்கலாம், எரியாமலும் இருக்கலாம். எழுத்தில் படித்துச் சொல்லக்கூடியது அல்ல அது.

அந்தக் காலத்துக் கப் கேடட், ஜான் டியர் 110, வீல் ஹார்ஸ் போன்ற வண்டிகளில் டெல்கோ-ரெமி ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர்கள் பரவலாக வந்தன. ஒரே உடலில் இரண்டு வேலை: சோலினாய்டு (சாவியைத் திருப்பினால் பெரிய கரண்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) வழியாக பேட்டரி கரண்ட் வந்தால் அது மோட்டார், எஞ்சின் அதைச் சுற்றினால் டைனமோ. ஒரே ஆர்மேச்சர், ஒரே கார்பன் பிரஷ், ஒரே பெல்ட். இதில் ஒரு வசதி இருக்கிறது. இரண்டு வேலைக்கும் பொதுவான பாகம் கெட்டால் இரண்டும் சேர்ந்தே நொண்டும். பிரஷ், கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையம்), பெல்ட், யூனிட்டின் எர்த் (உடல் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். உங்களுக்கு இரண்டும் நொண்டுவதால் முதல் சந்தேகம் அங்கேதான் போகவேண்டும். முதல் சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

வேலையைத் தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, புல்வெட்டும் தட்டின் கிளட்சை விடுவித்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள். சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துச் சுற்றவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது கிளட்ச் சுவிட்சையும் சீட் சுவிட்சையும் சேர்த்தே தாண்டிவிடும். வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்பவர் மீது ஏறும். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

முதல் அளவு பேட்டரி. புதியது என்பதாலேயே நல்லது என்று ஆகாது. கடையில் ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்த புதுப் பேட்டரி பாதி சல்பேட் பிடித்தே கைக்கு வரலாம். வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.0 என்றால் கால் பங்குதான் இருக்கிறது. மூடி திறக்கும் வகையானால் ஹைட்ரோமீட்டரில் (அமிலத்தின் அடர்த்தி காட்டும் கருவி) எல்லா செல்லும் 1.265 அருகில், ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்டவேண்டும். ஒரு செல் மட்டும் தாழ்ந்து நின்றால் இனிச் சொல்லப்போகும் எந்தச் சோதனையும் உங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப்போகும். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

அடுத்து, சுற்றும்போது வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்ப்பது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாற்றப்பட்ட ஸ்டார்ட்டர்கள் எத்தனையோ. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துகொள்ளுங்கள்: பேட்டரி இக்னிஷன் என்றால் காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றிக் காப்பிடுங்கள், மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே பொறி தரும் அமைப்பு) என்றால் பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்துவிடுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வினாடி போதும். 10 வினாடியைத் தாண்டாதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கு நடுவே, சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பிறகு மீட்டரின் ஒரு சோதனை முள்ளைப் பாசிட்டிவ் ஈய முனையிலேயே வையுங்கள். கிளாம்பில் அல்ல, முனையில். மறு முள்ளை யூனிட்டில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். சுற்றும்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். 0.5-க்குள் இருந்தால் சரி. அதிகமானால் துண்டு துண்டாகப் பாருங்கள்: முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே, கேபிளின் இரு நுனிக்கும் நடுவே, சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே. ஒரே ஒரு இணைப்பில் 0.2-க்கு மேல் தொலைந்தால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும். சோலினாய்டுக்குள்ளே 0.3-ஐத் தாண்டினால் அதன் உள் தகடு கருகியிருக்கிறது. சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள்.

இனி எர்த் பக்கம். பழைய டிராக்டர்களில் பாதிக் கதை இங்கேதான் நடக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு முள், ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரின் இரும்பு உடலில் ஒரு முள். சுற்றும்போது 0.2, மிஞ்சினால் 0.3. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். கரண்ட் போகும் பாதையை யோசித்துப் பாருங்கள்: யூனிட்டிலிருந்து அதன் கீல் போல்ட்டுக்கு, அங்கிருந்து பிராக்கெட், எஞ்சின், எஞ்சினின் தாங்கு போல்ட்டுகள், சட்டம், கடைசியில் கேபிள். ஐம்பது வருடத் துரு, அதன்மேல் யாரோ ஆசையாக அடித்த புது பெயிண்ட். அழகாக மீட்டெடுத்த வண்டிதான் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் எல்லா இணைப்பு முகத்திலும் பெயிண்ட் ஏறியிருக்கும். ரப்பர் தாங்கிகள் மேல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும் வண்டியில் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு குறுக்குவழி: ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக யூனிட்டின் உடலில் கடித்துவிட்டுச் சுற்றுங்கள். திடீரென்று சுறுசுறுப்பாகச் சுற்றினால் பழுது கிடைத்துவிட்டது. பெயிண்டைப் பளபளக்கும் இரும்புவரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முன்பே தடவிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை.

கேபிளின் தடிமனையும் பாருங்கள். வெளி உறை தடியாக இருந்து உள்ளே செம்பு மெலிதாக இருக்கும் மலிவு கேபிள்கள் உண்டு. 16 சதுர மி.மீ. செம்பு குறைந்தபட்சம், 25 இருந்தால் நிம்மதி. நுனிக்கு அருகே உறைக்குள் பச்சை பூத்திருந்தால் வெட்டிப் புது நுனி அழுத்துவதைவிட முழுக் கேபிளையும் மாற்றுவதே நல்லது. பச்சை உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.

'டிக்' சத்தம் பற்றி. சோலினாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டார் அசையவில்லை என்றால் மேலே சொன்ன வழிதான். சோலினாய்டே அரைகுறையாக இழுத்து விடுகிறது என்றால், அதன் சின்ன டெர்மினலில் சாவியைத் திருப்பும்போது எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பாருங்கள். சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், புல்வெட்டுத் தட்டின் சுவிட்ச் எல்லாம் வரிசையாக இருப்பதால் ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிடும். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் எந்த சுவிட்ச் தின்கிறது என்று தேடுங்கள். பாதுகாப்பு சுவிட்சை ஒட்டுப்போட்டு மூடுவது தீர்வல்ல. சோலினாய்டு மாற்றும்போது ஒரு கவனம்: மூன்று டெர்மினல் வகைக்கு அதன் பிராக்கெட்டே எர்த், ஆகவே அதன் அடியிலும் பெயிண்ட் கூடாது. நான்கு டெர்மினல் வகையில் இரண்டாவது சின்ன டெர்மினலுக்குத் தனி எர்த் வயர் தரவேண்டும். சாவி சுவிட்ச் மாற்றினால் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. பேட்டரி இக்னிஷனுக்கும் மேக்னெட்டோவுக்குமான சுவிட்சுகள் வெளியே பார்க்க ஒன்றுபோலவே ஐந்து முனையோடு இருக்கும். உள்ளே, ஒன்று ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் தரும்; மற்றது நிறுத்தும்போது மேக்னெட்டோவை எர்த்தில் சேர்க்கும். மேக்னெட்டோவின் நிறுத்து வயருக்கு 12 வோல்ட் போய்ச் சேர்ந்தால் அந்தக் காயில் கெட்டுப்போகலாம்.

வோல்ட் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது, ஆனாலும் சோம்பல் என்றால், மின்சாரத்தை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். பிளக் இல்லாமல் விர்ரென்று சுற்றி, பிளக்கோடு திணறினால் கம்ப்ரஷன் பக்கம் சிக்கல். கே வரிசை எஞ்சின்களில், சுற்றும் வேகத்தில் மட்டும் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிப் பிடித்து அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு கேம் தண்டில் இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் இந்தச் சின்ன மோட்டாருக்கு அது பெரிய உதவி. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி அதிகமாகிவிட்டால் அந்தத் தூக்கல் வால்வைப் போய்ச் சேராது. எஞ்சின் முழு அழுத்தத்தோடு எதிர்த்து நிற்கும். கே241-க்குக் குளிர்ந்த நிலையில் எக்ஸாஸ்ட் 0.017 முதல் 0.020 அங்குலம், இன்டேக் 0.008 முதல் 0.010 அங்குலம். பாயின்ட்டின் (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.020 அங்குலம்; அது அதிகமானால் டைமிங் முன்னேறி, சுற்றும்போது எஞ்சின் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையை 'பேட்டரி வீக்' என்று தவறாகப் புரிந்துகொள்வது வழக்கம். குளிர்காலத்தில் கெட்டியான ஆயிலும் இதே வேலையைச் செய்யும். ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும்) வண்டிகளில் பம்ப்பும் சேர்ந்து சுற்றுவதால் இன்னும் பாரம். கியர் வண்டியில் கிளட்சை முழுதாக மிதித்துச் சுற்றினால் கொஞ்சம் இலகுவாகும்.

பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு புல்லிக்கும் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் கால் முதல் அரை அங்குலம் அமுங்கவேண்டும். தளர்ந்தால் கீச்சிட்டு வழுக்கும், பளபளப்பாகும். முறுக்கி இறுக்கினால் முன் பேரிங் போகும். பெல்ட் வி பள்ளத்தின் பக்கச் சுவர்களில் பிடிக்கவேண்டும். புல்லியின் அடித்தளம் கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் கீழே உட்காருகிறது என்று பொருள். பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது அகலம் குறைந்த பெல்ட் போட்டிருக்கும், அல்லது புல்லியே தேய்ந்திருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கத்தான் செய்யும்.

இனி சார்ஜிங். எஞ்சினை முக்கால் த்ராட்டிலில் ஓடவிட்டு பேட்டரியில் அளந்து பாருங்கள். சில நிமிடத்தில் 13.8 முதல் 14.5 வரை ஏறினால் எல்லாம் நலம். அப்படியானால் கசிவைத் தேடும் பகுதிக்குப் போய்விடுங்கள். 12.3, 12.4 என்று நின்றுவிட்டால் சார்ஜ் இல்லை. ஐடிலில் (எஞ்சினின் மிகக் குறைந்த வேகத்தில்) அளந்துவிட்டு 'ஏறவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள், டைனமோ அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஆல்டர்னேட்டருக்குப் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். பனிக்காலத்தில் ஐடிலில் விட்டு 'பேட்டரி ஏற்றுகிறேன்' என்பவர் உண்மையில் காயிலுக்கும் விளக்குக்கும் பேட்டரியிலிருந்தே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சார்ஜ் இல்லாவிட்டால் ரெகுலேட்டரா (சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) யூனிட்டா என்று பிரிக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. டெல்கோ அமைப்பில் ஃபீல்டு காயிலின் (காந்தப்புலம் உண்டாக்கும் அசையாத சுருள்) ஒரு முனை உள்ளே ஆர்மேச்சரோடு சேர்ந்திருக்கும். மறு முனை எஃப் டெர்மினலாக வெளியே வந்து, ரெகுலேட்டரின் தொடுமுனைகள் வழியாக எர்த்துக்குப் போகும். அதாவது, ரெகுலேட்டரின் அடித்தகடு எர்த் ஆகாவிட்டால் ஃபீல்டு சுற்றே முழுமையாகாது. பல வண்டிகளில் அது அதிர்வுக்காக ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும், எர்த்துக்கென ஒரு சின்னப் பட்டை இருக்கும். அந்தப் பட்டை அறுந்ததுதான் பாதி 'ரெகுலேட்டர் பழுது'. முதலில் அதைப் பாருங்கள். பிறகு, யூனிட்டின் எஃப் டெர்மினலில் வரும் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சினை நடு வேகத்தில் ஓடவிட்டு, எஃப் டெர்மினலை ஒரு வயரால் எர்த்தில் சில வினாடி மட்டும் தொடுங்கள். பேட்டரி வோல்ட் துள்ளி ஏறினால் யூனிட் நலம். பழுது ரெகுலேட்டரிலோ அதன் எர்த்திலோ வயரிலோ இருக்கிறது. இந்த நிலையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதால் 15 வோல்ட்டைத் தாண்டவிடாதீர்கள். அசையவே இல்லை என்றால் பிரஷ், கம்யூட்டேட்டர், ஃபீல்டு காயில் என்று உள்ளே போகவேண்டும்.

இதையே ஓடாத நிலையிலும் உறுதிப்படுத்தலாம். பெல்ட்டைக் கழற்றி, யூனிட்டின் வயர்களை எல்லாம் பிரித்து, ஆர்மேச்சர் டெர்மினலுக்கு பேட்டரி பாசிட்டிவும் உடலுக்கு நெகட்டிவும் கொடுத்து, எஃப்பை எர்த்தில் சேருங்கள். நல்ல யூனிட் மோட்டாராக மெதுவாக, சீராகச் சுற்றும். விட்டுவிட்டுச் சுற்றினால், கையால் ஒரு தள்ளு கொடுத்த பிறகே கிளம்பினால், கம்யூட்டேட்டரில் செத்த பட்டைகள் அல்லது மாட்டிக்கொண்ட பிரஷ்.

இணையத்தில் 'போலரைஸ் செய்' (டைனமோவின் காந்தத்துக்குச் சரியான துருவம் கொடு) என்ற அறிவுரை எல்லா டைனமோ கேள்விக்கும் தானாக வந்து விழும். டெல்கோ வகை ஏ-சுற்றுக்கு (மேலே சொன்னபடி ஃபீல்டு ரெகுலேட்டர் வழியாக எர்த் ஆவது) அது ரெகுலேட்டரின் பேட் டெர்மினலையும் ஜென் டெர்மினலையும் எஞ்சின் நின்றிருக்கும்போது ஒரு கணம் வயரால் தொட்டு எடுப்பது. ஃபோர்டு விவசாய டிராக்டர்களுக்கு எழுதப்பட்ட பி-சுற்று (ஃபீல்டு உள்ளேயே எர்த் ஆகியிருப்பது) முறையை இதில் செய்தால் ரெகுலேட்டர் தொடுமுனைகள் கருகும். அதே பழைய ஃபோர்டு 8என் போன்றவை 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த்; அவற்றின் குறிப்புகளை 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் தோட்ட டிராக்டருக்குக் கொண்டுவராதீர்கள். இன்னொன்று: ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரில், ஃபீல்டு சுற்று முழுமையாக இருந்தால், ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பேட்டரி கரண்டே அதைச் சரியான துருவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே பிரித்து மாட்டிய பிறகு ஒருமுறை செய்யலாம், கெடுதல் இல்லை. ஆனால் சார்ஜ் ஆகாததற்கு அதை மருந்தாக நம்பவேண்டாம்.

ஏறியது வடிகிறதா என்பது அடுத்தது. இந்த வண்டிகளில் மின்னணுச் சாதனம் எதுவும் கிடையாது; சாவியை அணைத்த பிறகு கரண்ட் சுத்தமாக நிற்கவேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே முதலில் ஒரு 12 வோல்ட் பல்பை வையுங்கள். பல்ப் எரிந்தால் கசிவு பெரிது, மீட்டரை ஆம்பியரில் வைத்தால் ஃப்யூஸ் போகும். எரியாவிட்டால் மட்டும் மீட்டர் வையுங்கள். அப்படி வைத்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பவேண்டாம். பெரிய கசிவென்றால் முதல் குற்றவாளி ரெகுலேட்டருக்குள் இருக்கும் கட்-அவுட் ரிலே: எஞ்சின் நின்றதும் பேட்டரியை டைனமோவிலிருந்து பிரிக்கவேண்டிய தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பேட்டரி திரும்ப டைனமோவுக்குள்ளேயே பாயும். எஞ்சினை நிறுத்தியதும் ஆம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் முழுதாகச் சாய்ந்து, வயர் சூடேறினால் அதுதான். உடனே பேட்டரியைப் பிரியுங்கள். தொடுமுனைகளைத் தேய்த்து மறுபடி ஓட்டலாம். ஆனால் ஒருமுறை ஒட்டியது மறுமுறையும் ஒட்டும், ரெகுலேட்டரை மாற்றிவிடுவது நல்லது. சின்னக் கசிவென்றால் மணி மீட்டரைத் (எஞ்சின் ஓடிய நேரம் காட்டுவது) தவறான இடத்தில் இணைத்திருப்பது, விளக்கு ஹோல்டரில் துரு. பேட்டரி இக்னிஷன் வண்டியில் எஞ்சின் வேறு காரணத்தால் நின்று சாவி ஆனிலேயே கிடந்தாலும் பேட்டரி காலியாகும். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலும் வேகும்.

யூனிட்டைப் பிரிக்க நேர்ந்தால், நீளமான இரண்டு போல்ட்டைக் கழற்றும் முன் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். உள்ளே கார்பன் தூள் கறுப்பாக அப்பியிருக்கும். காற்று அடித்தால் அது காயிலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும், மூக்குக்குள்ளும் போகும். பிரஷ்ஷும் காய்ந்த துணியும் போதும். கார்பன் பிரஷ் புதியதன் பாதி நீளத்துக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பிரஷ் தன் கூட்டுக்குள் தடையில்லாமல் வழுக்கவேண்டும், ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் தளர்ந்துவிட்டது. கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் சுத்தம் செய்யுங்கள், எமரித் தாள் வேண்டாம்; அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கிக் கரண்டைக் கடத்தும். பட்டைகளுக்கு நடுவிலுள்ள மைக்கா செம்பைவிட சுமார் 0.8 மி.மீ. தாழ்ந்திருக்கவேண்டும், சமமாக வந்துவிட்டால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். கம்யூட்டேட்டர் வட்டம் இழந்திருந்தால் கடைசலில் கொடுத்து எடுக்கலாம். பட்டைகள் ஆர்மேச்சர் கம்பியோடு சேரும் இடத்தில் ஈயம் உருகித் தெறித்திருந்தால், அது நீண்ட நேரம் அழுத்திச் சுற்றியதன் அடையாளம். அங்கிருந்து மறுசுற்று (ரீவைண்டிங்) கடைக்குத்தான். மூடியில் எண்ணெய்க் குழி இருந்தால் வருடத்துக்குச் சில சொட்டு. அதற்குமேல் விட்டால் கம்யூட்டேட்டருக்கு வழியும்.

பேட்டரிப் பராமரிப்பு ஊரறிந்ததுதான், ஆனால் இரண்டைச் சொல்லவேண்டும். மூலையில் கிடக்கும் மாதங்களில் நெகட்டிவைக் கழற்றி, 12.4-க்குக் கீழே இறங்காமல் மாதம் ஒருமுறை ஏற்றுங்கள். இந்த அளவு பேட்டரிக்கு 2 முதல் 4 ஆம்பியர் சார்ஜர் போதும். தண்ணீர் உறையும் குளிருள்ள இடத்தில் காலியான பேட்டரி உறைந்து விரிசல் விடலாம், நிறைந்தது தாங்கும். வெள்ளைப் பூ பூத்த முனைகளைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், ஒரு துளியும் செல்லுக்குள் போகாமல். காரிலிருந்து ஜம்ப் செய்வதானால் கார் எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். கேபிளை மாற்றிக் கொடுத்தால் டைனமோவின் துருவமும் தலைகீழாகும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது 1970களுக்குப் பிந்தைய, தனி கியர் ஸ்டார்ட்டரும் ஃப்ளைவீலுக்கு அடியில் ஆல்டர்னேட்டரும் உள்ள வண்டி வைத்திருந்தால், வோல்ட் தொலைவதைப் பார்க்கும் சோதனை அப்படியே பொருந்தும். டைனமோ பகுதி பொருந்தாது. ஆல்டர்னேட்டரைப் போலரைஸ் செய்யக்கூடாது. கோலரின் 15 ஆம்பியர் அமைப்பில், ரெக்டிஃபையர்-ரெகுலேட்டரின் பிளக்கைக் கழற்றி, நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஸ்டேட்டரின் (ஆல்டர்னேட்டரின் அசையாத சுருள்) இரண்டு வயருக்கும் நடுவே ஏசியில் 28 வோல்ட்டுக்கு மேல் வரவேண்டும். வந்தால் ஸ்டேட்டர் நலம், ரெகுலேட்டரையோ அதன் உடல் எர்த்தையோ சந்தேகியுங்கள். ரெகுலேட்டரின் பி பிளஸ் முனைக்கு பேட்டரி வோல்ட் வராவிட்டால் அது வேலையே தொடங்காது. வண்டியில் வெல்டிங் செய்யும் முன் அதன் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். கியர் ஸ்டார்ட்டரின் பெண்டிக்ஸ் திருகில் (பல்சக்கரத்தை முன்னே தள்ளும் பாகம்) கிரீஸ் வைக்காதீர்கள். புல்தூசி ஒட்டிக் கெட்டியாகி பல்சக்கரம் பாதி வழியில் நிற்கும். சுத்தம் செய்து, அதற்கென்றே விற்கும் உலர் மசகு மட்டும்.

கார் ஆல்டர்னேட்டர் யோசனைக்கு வருவோம். ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரை எடுத்துவிட்டால் ஸ்டார்ட் செய்யும் வேலையும் அதோடு போய்விடும். ஆக வெறும் ஆல்டர்னேட்டர் போதாது. பல் வளையம் உள்ள ஃப்ளைவீல், கியர் ஸ்டார்ட்டர், அது பொருந்த எஞ்சினில் இடம், புது பிராக்கெட், புது வயரிங் எல்லாம் வேண்டும். ஆர்மேச்சர் எரிந்து, மறுசுற்று செய்பவரும் கிடைக்காமல், அதே எஞ்சின் வகையின் பிற்கால ஃப்ளைவீலும் ஸ்டார்ட்டரும் கையில் இருக்கிறது என்றால் மட்டும் அந்த வேலையில் இறங்கலாம். உங்கள் வண்டி அந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று இன்னும் தெரியவில்லை. எர்த் பக்கத்தில் எத்தனை வோல்ட் தொலைகிறது, பிளக் இல்லாமல் எப்படிச் சுற்றுகிறது, எஃப்பை எர்த்தில் தொட்டபோது வோல்ட் ஏறியதா, இந்த மூன்றையும் பார்த்து எழுதுங்கள். மூன்றுக்கும் பதில் வந்த பிறகு யூனிட்டைக் கழற்றவேண்டுமா என்று பேசலாம்.